ஆலப்புழைக்கு டூரா? போடிமெட்டுல இருந்து ஆரம்பிங்க

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாட்ஸப் மெசேஜ்.

மூணு நாள் சேர்ந்தாப்புல லீவு வருதுன்னு எங்க டீம்ல ஒருத்தர் ஆலப்புழைக்கு பிளான் போட்டு குரூப்ல அனுப்பியிருந்தார். முதல் நாள் ஹவுஸ்போட். ரெண்டாவது நாள் சின்னப் படகு, பீச், லைட்ஹவுஸ். மூணாவது நாள் கயிறு மியூசியம், ஷாப்பிங், ரிட்டர்ன். கடைசியில ஒரு வரி: "வேற என்ன பண்ணலாம், ஐடியா சொல்லுங்க."

நான் போடிநாயக்கனூர்க்காரன். அந்த லிஸ்டைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது ஏலக்காய் மூட்டை.

எங்க ஊர்ல ஏலக்காய் வியாபாரம் பண்றவங்க வாயில தினமும் வர்ற நாலு எழுத்து இருக்கு: ஏ.ஜி.இ.பி. பெருங்காய், நல்ல பச்சை நிறம், முதல் தரம்னு அர்த்தம். அதுக்கு அடுத்தது ஏ.ஜி.பி., அதுக்கும் அடுத்தது ஏ.ஜி.எஸ். அரசாங்கத்தோட அக்மார்க் தரப்பட்டியல்லயும் இதே பேருதான். சின்ன வயசுல இருந்து இதைக் கேட்டு வளர்ந்தவன் நான். காலேஜ் முடிச்சு வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் விரிவாக்கம் என்னன்னு ஒரு நாள் தேடிப் பார்த்தேன். ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்ட்.

ஆலப்பி. அதாவது ஆலப்புழை.

இது கொஞ்சம் விசித்திரம். ஏலச்செடி நிழலும் ஈரமும் உள்ள மலையில, சுமார் 600 மீட்டருக்கு மேல வளர்ற செடி. ஆலப்புழை கடல் மட்டத்துல இருக்கிற ஊர். அதைச் சுத்தியிருக்கிற குட்டநாட்டுல பல வயல்கள் கடல் மட்டத்துக்கும் கீழே. அங்கே ஒரு ஏலத்தோட்டம்கூட கிடையாது. அப்புறம் ஏன் போடியில விக்கிற மலைக்காய்க்கு அந்தக் கடலோர ஊர் பேரு?

நம்ம வேலையில இது அடிக்கடி நடக்கும். ஒரு பழைய புரோகிராமைத் திறந்தா, சம்பந்தமே இல்லாத ஒரு பேர்ல ஒரு வேரியபிள் இருக்கும். அந்தப் பேருக்குரிய சிஸ்டத்தை எப்பவோ தூக்கியிருப்பாங்க, ஆனா பேரை மாத்த யாருக்கும் தைரியம் இருந்திருக்காது. அந்தப் பேரைப் பிடிச்சுக்கிட்டே பின்னாடி போனா, முன்னாடி அங்கே என்ன ஓடிட்டு இருந்ததுன்னு தெரியும். இன்னைக்கு அதைத்தான் செய்யப்போறோம்.

மழை ரெண்டாப் பிரியும் இடம்

போடியில இருந்து கிளம்பி கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேல ஏறினா போடிமெட்டு. தமிழ்நாட்டுச் செக்போஸ்ட், கேரளச் செக்போஸ்ட், நாலு டீக்கடை, எப்பவும் அடிக்கிற காத்து. என்.எச். 85னு போர்டு இருக்கும். ஊர்ல இன்னும் கொச்சி–தனுஷ்கோடி ரோடுன்னுதான் சொல்லுவாங்க.

இந்த மேடு ஒரு நீர் பிரியும் இடம். கிழக்குச் சரிவுல விழுற மழை கொட்டகுடி ஆத்துல சேர்ந்து, வைகைக்குப் போய், ராமநாதபுரம் சீமை வரைக்கும் ஓடும். மேற்குச் சரிவுல விழுற மழை பூப்பாறைப் பக்கம் பன்னியாறா ஓடி, பெரியாத்துல கலந்து, அரபிக்கடலுக்குப் போகும். சில அடி தள்ளி விழுந்தா போதும், ஒரு துளியோட திசையே மாறிடும்.

ஏலக்காயும் இப்படித்தான். மலை உச்சியில பறிச்ச காயை கிழக்கே இறக்கினா போடி, கம்பம், உத்தமபாளையம், மதுரை. மேற்கே இறக்கினா ஆறு, காயல், ஆலப்புழை. மழைத்துளியோட திசையை மலை முடிவு பண்ணுது. ஏலக்காயோட திசையை ரொம்ப காலத்துக்கு முடிவு பண்ணினது ஒரு சர்க்கார் உத்தரவு.

ஒரே ஒரு வாசல்

18ஆம் நூற்றாண்டின் நடுவுல மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூரை ஒரு பெரிய அரசாக்கினார். படை வேணும், துப்பாக்கி வேணும், அதுக்கெல்லாம் காசு வேணும். காசு காய்ச்சது மிளகுக் கொடியில. அதனால மிளகை சர்க்கார் மட்டும்தான் வாங்கலாம், சர்க்கார் மட்டும்தான் விக்கலாம்னு ஏகபோகம் கொண்டுவந்தாங்க. ஏலக்காயும் அந்தப் பட்டியல்ல சேர்ந்தது. விளைவிக்கிறவன் முழுக் காயையும் சர்க்கார்கிட்டதான் கொடுக்கணும், சர்க்கார் சொல்ற விலைதான் விலை.

எல்லாச் சரக்கையும் ஒருத்தரே வாங்கினா, அதைக் குவிச்சு வைக்கவும் விக்கவும் ஒரு இடம் வேணும். டச்சுக்காரங்க கையில இருந்த கொச்சியை நம்ப முடியாது. அப்படி உருவானதுதான் ஆலப்புழைத் துறைமுகம். 1762ல தர்மராஜா காலத்துல திறந்தாங்க. அதைப் பெரிய வியாபார நகரமா வளர்த்தவர் 1789ல திவானான ராஜா கேசவதாஸ். பம்பாய், கட்ச், சிந்துப் பக்கத்து வியாபாரிகளைக் கூப்பிட்டு இடம் கொடுத்துக் குடியேத்தினார். ஆலப்புழையில இன்னைக்கும் இருக்கிற குஜராத்தித் தெருவும் ஜைனக் கோயிலும் அப்படி வந்த வியாபாரிகளோட மிச்சம்.

ஊரோட அமைப்பை மேப்புல பாருங்க. கிழக்கே வேம்பநாட்டுக் காயல், மேற்கே கடல், நடுவுல ஒரு மணல் திட்டு. மீனச்சில், மணிமலை, பம்பை, அச்சன்கோவில் எல்லா ஆறும் அந்தக் காயல்ல வந்து விழுது. அதாவது மலையில கிடைக்கிற எந்தச் சரக்கையும் படகுல ஏத்தினா அது தானா காயலுக்கு வந்துடும். பாக்கி இருக்கிறது காயல்ல இருந்து கடல் வரைக்கும் உள்ள சில கிலோமீட்டர் மணல்தான். அதைத் தாண்ட கேசவதாஸ் காலத்துல ரெண்டு கால்வாய் வெட்டினாங்க, ஒண்ணுக்கொண்ணு இணையா. இன்னைக்கு வாடக் கால்வாய், கமர்ஷியல் கால்வாய்னு சொல்றாங்க. கரை ரெண்டுலயும் கிடங்குகள்.

டூர் போறவங்க செல்ஃபி எடுக்கிற கால்வாய் இதுதான். ஊரை அழகுபடுத்த இதை யாரும் வெட்டல. ஒரு மலைநாட்டோட மொத்தச் சரக்கையும் ஒரே வாசல் வழியா வெளியே அனுப்ப வெட்டின பாதை இது.

கடலும் அவங்களுக்கு ஒத்துழைச்சது. ஆலப்புழைக் கரையோரம் பருவமழைக் காலத்துல சேத்துத் திட்டு உருவாகும். மலையாளத்துல சாகரைன்னு சொல்லுவாங்க. தண்ணியில மிதக்கிற அந்த நைசான சேறு அலையோட வேகத்தை உறிஞ்சிடும். மத்த இடத்துல கடல் கொந்தளிச்சாலும் இங்கே குளம் மாதிரி கிடக்கும். கப்பல் நங்கூரம் போட்டு நிக்கலாம்.

அப்படி ஏலமலைக் காய் மொத்தமும் ஆலப்புழைக் கிடங்குக்கு வந்தது. தரம் பிரிச்சு, ஏலம் விட்டு வித்தாங்க. லண்டன்ல வாங்கினவனுக்கு வண்டன்மேடும் தெரியாது, பூப்பாறையும் தெரியாது. அவனுக்குத் தெரிஞ்சது கப்பல் கிளம்பின ஊரு மட்டும். அந்த ஊரோட பேரு காய்க்கு ஒட்டிக்கிச்சு.

பின்வாசல்

ஒரே ஒரு வாசல் வச்சு மத்ததெல்லாம் அடைச்சா என்ன ஆகும்? சுவரேறிக் குதிக்கிறவன் வருவான்.

ஏலமலை திருவிதாங்கூருக்குச் சொந்தம். ஆனா அங்கே ஏலம் போட்டவங்கள்ல நிறையப் பேரு கிழக்கு அடிவாரத்துக்காரங்க. போடி, தேவாரம், கோம்பை, உத்தமபாளையம், கம்பம்னு இந்தப் பக்கத்து ஊர் ஜனங்க. காரணம் எளிமையானது. மேற்குல இருந்து அந்த உச்சிக்கு வரணும்னா நாள் கணக்குல காடு. கிழக்குல செங்குத்தான மலைதான், ஆனா விடிகாலையில நடக்க ஆரம்பிச்சா அன்னைக்கே தோட்டத்துல நிக்கலாம். வீடு பிரிட்டிஷ் மதராஸ் மாகாணத்துல, தோட்டம் திருவிதாங்கூர்ல.

இப்ப அந்த விவசாயியோட இடத்துல நின்னு பாருங்க. சட்டப்படி காயை மேற்கே சர்க்கார்கிட்ட கொடுத்தா அவங்க வச்ச விலை. அதே காயை ராத்திரியோட ராத்திரியா கிழக்கே இறக்கினா சந்தை விலை, கூடவே சொந்த ஊரு. நீங்க என்ன செய்வீங்க? மலைப்பாதைகள்ல சர்க்கார் காவல் சவுக்கை போட்டது. கடத்தல் நிக்கல. தலைச்சுமையா காய் இறங்கிக்கிட்டேதான் இருந்தது.

1860கள்ல திவான் மாதவ ராவ் காலத்துல திருவிதாங்கூர் மிளகு ஏகபோகத்தை விட்டுடுச்சு. மாதவ ராவ் கும்பகோணத்துல பிறந்தவர், அது ஒரு தனி எபிசோடு. ஏலக்காயை மட்டும் சர்க்கார் இன்னும் பல வருஷம் விடல. ஏலமலைக்குன்னே ஒரு சூப்பரின்டெண்டன்ட் இருந்தார். அந்தப் பதவியில இருந்த ஜான் டேனியல் மன்ரோதான் 1877ல பூஞ்சாறு ராஜாகிட்ட இருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்தவர். மூணாறு டீயோட கதை அங்கே தொடங்குது. கடைசியா 1896ல ஏலக்காய் ஏகபோகமும் போச்சு. நிலத்துக்கு வரி கட்டு, காயை யாருக்கு வேணா வித்துக்கோன்னு ஆச்சு.

அந்த வருஷத்துல இருந்து கிழக்குப் பின்வாசல் முன்வாசலா மாறினது. கடத்தல் பாதை வியாபாரப் பாதை ஆச்சு. போடி வளர்ந்தது. மூணாறு டீகூட இந்தப் பக்கம்தான் இறங்கினது. குண்டலைப் பள்ளத்தாக்கு ரயில்ல டாப் ஸ்டேஷன் வரைக்கும் வந்து, அங்கே இருந்து கம்பி வடத்துல தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியா வெளியே போனது. அந்த ரயிலை 1924 வெள்ளம் அடிச்சுட்டுப் போயிடுச்சு.

அப்புறம் 1928. இந்த ஒரு வருஷத்துல ரெண்டு சம்பவம். மே மாசம் 'பத்மா'ங்கிற கப்பல் கொச்சியோட புது உள்துறைமுகத்துக்குள்ள நுழைஞ்சது. ராபர்ட் பிரிஸ்டோங்கிற இன்ஜினியர் வாசல்ல இருந்த மணல் திட்டை வெட்டி, கப்பல் உள்ளே வந்து நிக்கிற மாதிரி செஞ்சிருந்தார். அதே வருஷம் மதுரையில இருந்து போடிக்கு ரயில் வந்தது. மலைக்கு மேற்கே ஒரு பெரிய துறைமுகம், கிழக்கே ஒரு ரயில்வே ஸ்டேஷன். ரெண்டுக்கும் நடுவுல ஆலப்புழைக்கு வேலை குறைஞ்சுபோச்சு. கடலுக்குள்ள தூரத்துல நிக்கிற கப்பலுக்குப் படகுல சரக்கு ஏத்துற துறைமுகத்தை இனி யார் தேடுவாங்க? கொஞ்சம் கொஞ்சமா மங்கி, 1980கள் முடியறதுக்குள்ள கப்பல் வர்றதே நின்னுடுச்சு. 1989ல ஊருக்கு முதல் ரயில் வந்தப்ப அது துறைமுக நகரம் இல்லை.

இன்னைக்கு ஏலக்காய் ஏலம் நடக்கிறது ரெண்டு இடத்துல. ஒண்ணு வண்டன்மேடு பக்கம் புற்றடி. இன்னொண்ணு போடி. கம்ப்யூட்டர் முன்னாடி வியாபாரிகள் உக்காந்திருப்பாங்க, மாதிரிக் காய் கைக்குக் கை வரும், விலை ஸ்கிரீன்ல ஏறும். பேசுற தரம் மட்டும் இன்னும் ஆலப்பி.

சரி, ஆலப்புழையில என்ன பண்ணலாம்?

இவ்வளவு கேட்ட பிறகு டீமோட லிஸ்டுக்கு வருவோம். அதே இடங்கள்தான். கொஞ்சம் வேற மாதிரி பார்க்கலாம்.

முதல்ல, ஹவுஸ்போட்டுக்கு ஓடாதீங்க. காலையில கால்வாய்க் கரையில நடங்க. வாடக் கால்வாயில ஆரம்பிச்சு மேற்கே கடல் பக்கமா போங்க. பழைய கிடங்குக் கட்டடங்கள், மரக் கதவுகள், ஓட்டுக் கூரைகள் இன்னும் சிலது நிக்குது. சில இடத்துல ஆகாயத்தாமரை தண்ணியை மூடியிருக்கும். சரக்குப் படகு ஓடுற வரைக்கும் கால்வாய் தானா சுத்தமா இருந்தது. படகு நின்ன பிறகு அதைத் தூர்வார திட்டமும் நிதியும் தேவைப்படுது. நடந்து முடிச்சா, கேசவதாஸ் சரக்கு போன அதே வழியில கடலுக்கு வந்து சேர்ந்திருப்பீங்க.

ரெண்டாவது, கடற்கரை. அங்கே தண்ணிக்குள்ள வரிசையா துருப்பிடிச்ச தூண்கள் நிக்கும். எல்லாரும் சன்செட்டுக்கு முன்னால போட்டோ எடுக்கிற இடம். அது 1862ல கட்டின கடல் பாலம். சரக்கை அதோட முனை வரைக்கும் கொண்டுபோய், படகுல இறக்கி, கப்பலுக்கு அனுப்புவாங்க. அதே 1862லதான் பக்கத்துல இருக்கிற லைட்ஹவுஸும் எரிய ஆரம்பிச்சது. தேங்காய் எண்ணெய் விளக்கு! ஏறிப் பாருங்க. மேல நின்னா ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் தென்னை, நடுவுல ஊரு. மணல் திட்டு எவ்வளவு குறுகல்னு அப்பத்தான் புரியும்.

மூணாவது, கயிறு. 1859ல ஜேம்ஸ் டாராங்கிறவர் இங்கே முதல் கயிற்றுப் பாய் ஃபேக்டரியை ஆரம்பிச்சார். அயர்லாந்துல பிறந்து அமெரிக்காவுல இருந்து வந்தவர். மியூசியத்துல தறிகளைப் பார்க்கலாம். ஆனா அதோட நிறுத்தாதீங்க. இந்த ஃபேக்டரித் தொழிலாளர்கள்தான் 1922ல திருவிதாங்கூர் லேபர் அசோசியேஷனைக் கட்டினாங்க. கேரளத்தோட தொழிற்சங்க வரலாறு அங்கே இருந்துதான் தொடங்குது. 1946 அக்டோபர்ல புன்னப்ரா–வயலார் எழுச்சியில திவான் சி.பி. ராமசாமி ஐயரோட படையை எதிர்த்து நின்னு செத்தவங்கள்ல கயிறுத் தொழிலாளர்களும், மீனவர்களும், வயல் கூலிகளும் உண்டு. அவங்க நினைவிடம் ஊர்லயே இருக்கு, வலிய சுடுகாடுன்னு பேரு. டூரிஸ்ட் பிளான் எதுலயும் நான் அதைப் பார்த்ததில்லை.

நாலாவது, படகு. ஹவுஸ்போட்டோட மூலம் கெட்டுவள்ளம். ஆஞ்சிலிப் பலகைகளை ஆணி அடிக்காம கயிறு வச்சுத் தச்சுக் கட்டின சரக்குப் படகு. 'கெட்டு'ன்னா கட்டு. நெல்லும் மசாலாவும் ஏத்திட்டுப் போனது. ரோடும் லாரியும் வந்த பிறகு சும்மா கிடந்த வள்ளங்களை, 1990கள்ல பெட்ரூம் வச்சு டூரிஸ்ட்டுக்குத் திருப்பி விட்டாங்க. உங்க ஏசி ரூம் இருக்கிற இடத்துல முன்னாடி நெல்லு மூட்டை இருந்திருக்கும். இன்னைக்கு அந்தப் படகுகளோட எண்ணிக்கையும், டீசலும், கழிவும் காயலுக்குப் பாரமாயிடுச்சு. அதுக்குப் பதிலா பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல இருக்கிற போட் ஜெட்டிக்குப் போங்க. கேரள நீர்ப் போக்குவரத்துத் துறையோட சாதாரண படகுல கோட்டயம் வரைக்கும் டிக்கெட் எடுங்க. பஸ் டிக்கெட் மாதிரிதான். ரெண்டரை மணி நேரம். பக்கத்துல ஸ்கூல் பிள்ளைங்க, மார்க்கெட் போறவங்க. அங்கே தண்ணிதான் ரோடுன்னு உங்களுக்கே தெரியும்.

அஞ்சாவது, சீசன்ல போனா புன்னமடைக் காயல். 1952ல நேரு வந்தப்ப அவருக்காகச் சுண்டன் வள்ளப் போட்டி வச்சாங்க. ஜெயிச்ச படகுக்குள்ள நேரு துள்ளி ஏறிட்டார், டெல்லி போய் வெள்ளிக் கோப்பை அனுப்பினார். நேரு டிராபி அப்படி வந்தது. 2018ல ஆகஸ்ட்ல நடக்கல. அந்த மாசம் மலையில பெஞ்ச மழை அத்தனை ஆத்துலயும் இறங்கி, குட்டநாடே மூழ்கி, ஜனங்களைப் படகுல ஏத்திட்டு வந்தாங்க. போட்டி நவம்பர்லதான் நடந்தது. ஏலக்காய் இப்ப அந்த வழியில இறங்குறது இல்லை. தண்ணி இன்னும் இறங்குது.

வெனிஸ்னு சொன்னது சரிதான்

ஆலப்புழையைக் கிழக்கின் வெனிஸ்னு கர்சன் பிரபு சொன்னார்னு சொல்லுவாங்க. கால்வாய் இருக்கு, படகு இருக்கு, அதனால வெனிஸ்னு நாம எடுத்துக்கிறோம். ஆனா நிஜமான ஒத்துமை வேற.

வெனிஸும் மசாலாவால பணக்கார ஊரானதுதான். நம்ம கரையில இருந்து அரபிக்கடல் தாண்டி அலெக்சாண்டிரியா போன மிளகை வாங்கி, ஐரோப்பாவுக்கு வித்தவங்க வெனிஸ் வியாபாரிகள். 1498ல வாஸ்கோ ட காமா கோழிக்கோடு பக்கத்துல வந்து இறங்கின பிறகு அந்தப் பாதைக்குப் போட்டி வந்தது. அந்த வியாபாரம் மெல்ல மெல்லக் கை மாறினது. இன்னைக்கு வெனிஸோட பழைய நகரத்துல 50,000 பேருக்கும் குறைவாத்தான் குடியிருக்காங்க. 2024ல இருந்து, கூட்டமான நாட்கள்ல ஒரு நாள் சுத்திப் பார்க்க வர்றவங்ககிட்ட நுழைவுக் கட்டணம் வாங்குறாங்க.

ரெண்டு ஊருக்கும் நடந்தது ஒண்ணுதான். சரக்கு வேற வழியில போன பிறகு, சரக்குக்காக வெட்டின பாதை சுத்திப் பார்க்கிற இடமாச்சு. வேலை நின்ன இடத்துலதான் நமக்கு ஓய்வு கிடைக்குது. போடிக்கு யாரும் டூர் வர்றதில்லை, ஏன்னா போடியில இன்னும் வேலை நடக்குது. எங்க ஊர் வழியா மூணாறு போறவங்க கண்ணாடியை ஏத்திவிட்டுட்டு, மெட்டுல மட்டும் நிறுத்தி டீ குடிப்பாங்க.

அம்மாவோட லீவு

இதை ரெக்கார்ட் பண்ணலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். சொல்லிடறேன்.

எங்க அம்மா ஏலத்தோட்டத்துல காய் எடுக்கிறவங்க. முப்பது வருஷமா. விடியறதுக்கு முன்னாடி போடியில இருந்து ஜீப் கிளம்பும். ஒரு ஜீப்ல எத்தனை பேரு ஏறணுமோ அதைவிட அதிகம் பேரு இருப்பாங்க. மெட்டு ஏறி, செக்போஸ்ட் தாண்டி, பூப்பாறைப் பக்கம் இறங்கி, செடியோட அடியில உக்காந்து, சரத்துல பழுத்த காயை மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்கணும். ஒரே சரத்துல எல்லாக் காயும் ஒண்ணாப் பழுக்காது. அதனால ஒரே செடிக்கு நாப்பது, நாப்பத்தஞ்சு நாளைக்கு ஒரு தரம் திரும்பத் திரும்ப வரணும். அஞ்சு கிலோ பச்சைக் காய் ஸ்டோர்ல காய்ஞ்சா சுமார் ஒரு கிலோ. நீங்க பாயசத்துல போடுற ரெண்டு காய்க்கும் யாரோ ஒருத்தங்க குனிஞ்சிருக்காங்க.

1951ல வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோட லீவுன்னு சொன்னது. அது பதிவேட்டுல பேரு இருக்கிறவங்களுக்கு. ஜீப்ல போற தினக்கூலிக்கு லீவுன்னா அன்னைக்குக் கூலி இல்லைன்னு அர்த்தம். அம்மாவோட வாழ்க்கையில வெக்கேஷன்னு ஒண்ணு இருந்ததே இல்லை.

போன வருஷம் நான் அவங்களை ஆலப்புழை கூட்டிட்டுப் போனேன். மூணு நாள் கூலி போகுதுன்னு ரெண்டு தரம் மறுத்துட்டு, அப்புறம் வந்தாங்க. போடிமெட்டுல ஏறும்போது, "வழக்கமா வர்ற ரோடுதானேய்யா"ன்னாங்க. பூப்பாறை தாண்டினதும் பேச்சு நின்னுபோச்சு. அதுக்கு மேல அவங்க போனதில்லை.

கால்வாய்க் கரையில நடந்தோம். ஒரு மசாலாக் கடையில டூரிஸ்ட் பாக்கெட் ஒண்ணை எடுத்து வெளிச்சத்துல திருப்பிப் பார்த்துட்டு, "சின்னக் காய், ரெண்டாஞ் சல்லடை"ன்னு திருப்பி வச்சுட்டாங்க. விலையைப் பார்த்துட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. லைட்ஹவுஸ் ஏறல, முழங்கால் ஒத்துக்காது. மணல்ல உக்காந்து, நான் அந்தத் தூண்களைக் காட்டிக் கதை சொன்னேன். மார்த்தாண்ட வர்மா, கேசவதாஸ், ரெண்டு கால்வாய், லண்டன் கப்பல், ஆலப்பி கிரீன். இதுவரைக்கும் உங்ககிட்ட சொன்னது எல்லாம்.

முழுசாக் கேட்டாங்க. அப்புறம் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க.

"அப்ப எடுத்தவங்களுக்கு என்னய்யா கூலி குடுத்தாங்களாம்?"

நான் சொன்ன கதையில ராஜா இருந்தார், திவான் இருந்தார், இன்ஜினியர் இருந்தார், கப்பலுக்குக்கூட பேரு இருந்தது. கூலி இல்லை. மாசக்கணக்கா இந்த எபிசோடுக்குப் படிச்சிருக்கேன், அந்தக் கேள்வி எனக்கு ஒரு தரம்கூட வரல. காய் எடுக்கிற வீட்டுல பிறந்தவனுக்கே வரல.

டீம் குரூப்ல அந்த லிஸ்டுக்கு நான் ஒரு வரி சேர்த்திருக்கேன். போகும்போது மதுரை, போடி வழியா போங்க. விடிகாலை போடிமெட்டுல வண்டியை நிறுத்தி ஒரு டீ குடிங்க. எதிர்ல வரிசையா ஜீப் வரும். படம் எடுக்க வேண்டாம், சும்மா பாருங்க. ஆலப்புழையில நீங்க பார்க்கப்போற கால்வாயோட இந்தப் பக்கத்து முனை அதுதான்.

உங்க ஊர்லயும் இந்த மாதிரி வேற ஊர் பேரைச் சுமக்கிற பொருள் இருந்தா எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.